இடைக்கால வரலாற்றில் முதுகலை: எந்த வழியில் போவது?

இளங்கலை முடியும் தறுவாயில் இருப்பவர்களும் சரி, வேறு வேலையில் இருந்துகொண்டு திரும்பப் படிக்கலாமா என்று யோசிப்பவர்களும் சரி, இடைக்கால வரலாறு என்றதும் முதலில் கேட்பது "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது" என்பதைத்தான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் எந்த மூலத்தை வாசிக்கப் போகிறீர்கள், கல்வெட்டா, செப்பேடா, லத்தீன் சாசனமா, பாரசீக அரசவை ஆவணமா, அரபு வணிகக் கடிதமா என்பது முதல் கேள்வி. அதை வாசிக்கப் பழகுவதற்கு உங்கள் கையில் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பல்கலைக்கழகப் பட்டியல் தானாகவே ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குச் சுருங்கிவிடும்.

பொதுவாக நான்கு வழிகள் கண்ணில் படும். வரலாற்று எம்.ஏ.வில் சேர்ந்து இடைக்காலத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பது ஒன்று. வரலாறு, இலக்கியம், கலை, தத்துவம், சட்டம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்து நடத்தும் இடைக்காலவியல் முதுகலை இன்னொன்று. கல்வெட்டியல், சுவடியியல், ஆவணவியல் என்று மூலத்தைக் கையாளும் திறமையையே மையமாக வைத்த படிப்பு மூன்றாவது. முதுகலையைத் தனியாகப் படிக்காமல் நேரே முனைவர் பட்டத் திட்டத்துக்குள் நுழைவது நாலாவது. என் சாய்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருக்கிறவர், மூலத்தை வாசிக்கக் கற்றுத்தராத ஒரு படிப்பில், அது எவ்வளவு பேர்பெற்ற இடமாக இருந்தாலும், இரண்டு வருடத்தைச் செலவழிக்கக் கூடாது. ஆராய்ச்சி எண்ணமே இல்லாதவருக்கு இந்த விதி பொருந்தாது, அவருக்கு முதல் வழியே போதும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏனென்றால் ஒரே பெயரில் நடக்கும் படிப்புகளுக்குள் இருப்பது வேறு வேறு சரக்கு. ஐரோப்பிய வரலாற்றில் இடைக்காலம் என்றால் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு முடிய. இந்திய வரலாற்றில் 8ஆம் நூற்றாண்டில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டு வரை இழுப்பவர்கள் உண்டு, சுமார் 600 முதல் 1200 வரையிலான காலத்தை முற்பட்ட இடைக்காலம் என்று தனியாக வெட்டி எடுப்பவர்களும் உண்டு. ஜேம்ஸ் மில் 1817இல் இந்திய வரலாற்றை இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் என்று மூன்றாகக் கூறுபோட்டுவிட்டுப் போனார். அந்தக் கூறுகளுக்கு இப்போது பண்டைய, இடைக்கால, நவீன என்று வேறு பெயர் வைத்தாயிற்று, ஆனால் எல்லைக்கோடு பல பாடத்திட்டங்களில் அவர் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. விளைவு என்னவென்றால், சோழர் காலத்தை ஆராய வேண்டும் என்று "இடைக்கால இந்தியா" சிறப்புப் பாடத்தில் சேர்ந்தவர் அங்கே தில்லி சுல்தான்களையும் முகலாயரையும் மட்டும் பார்ப்பார், அவர் தேடி வந்த ராஜராஜன் பண்டைய இந்தியத் தாளின் கடைசி அலகில் இரண்டு வகுப்போடு முடிந்துபோயிருப்பான். விண்ணப்பத்துக்கு முன்னால் பாடத்திட்டத்தை அலகு அலகாக வாசியுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். தாளின் தலைப்பை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

சரி, முதல் வழி. பொதுவான வரலாற்று எம்.ஏ.வின் பெரிய பலம், வாதங்களுக்குள் உங்களைத் தூக்கிப் போடுவது. நிலமானிய முறை, அதாவது நிலத்தைக் கொடுத்துப் பதிலுக்கு விசுவாசத்தையும் சேவையையும் வாங்கிக்கொள்ளும் அமைப்பு (feudalism), என்ற ஒரே விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.எஸ். சர்மா 1965இல் வெளியிட்ட நூலில், நிலக்கொடைகளைச் சான்றாக வைத்து, இந்தியாவிலும் ஒருவகை நிலமானிய முறை இருந்தது என்று வாதிட்டார். ஹர்பன்ஸ் முகியா 1981இல் வெளியான கட்டுரையில் அப்படி ஒன்று இந்திய வரலாற்றில் இருந்ததா என்றே கேட்டார். அதற்கு ஓராண்டு முன்னால் பர்ட்டன் ஸ்டைன், சோழ அரசு மையத்திலிருந்து எல்லாவற்றையும் ஆண்ட பேரரசு இல்லை, துண்டு துண்டான வட்டாரங்கள் சடங்கு முறையிலான ஒரு தலைமையை ஏற்றுக்கொண்ட அமைப்பு என்று எழுதி இன்னொரு பக்கம் தீ வைத்தார். இதற்கிடையில் ஐரோப்பிய இடைக்காலத்தைப் படிப்பவர்கள் மத்தியில் எலிசபெத் பிரவுன் 1974இல், பிறகு சூசன் ரெனால்ட்ஸ் 1994இல், ஐரோப்பாவுக்கே அந்தக் கருத்தாக்கம் பொருந்துகிறதா என்று அடித்தளத்தையே அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் ஆட்டம் கண்ட ஒரு கருவியை இந்தியாவுக்குப் பொருத்தலாமா என்று இங்கே சண்டை நடந்திருக்கிறது என்பது இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும். அந்த இரட்டைப் பார்வையைத் தருவது பொதுவான எம்.ஏ.தான், மற்ற மூன்று வழிகளும் இதில் கொஞ்சம் பின்தங்கியவை.

பலவீனமும் அதே இடத்தில்தான். இரண்டு வருடம் முழுக்க மற்றவர்கள் எழுதியதைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கலாம். ஸ்டைன் சொன்னது சரியா தப்பா என்று பத்துப் பக்கக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருவர், ஸ்டைன் எந்தக் கல்வெட்டை வைத்துச் சொன்னார் என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். போட்டித் தேர்வு, பள்ளி கல்லூரி ஆசிரியப் பணி, இதழியல், இன்னும் முடிவு செய்யாத மனநிலை என்று இருப்பவர்களுக்கு இது பெரிய குறையில்லை. அவர்களுக்கு இந்தப் படிப்பு கொடுக்கும் விரிவுதான் தேவை, இடைக்காலத்திலிருந்து நவீனத்துக்குத் தாவ நினைத்தாலும் கதவு திறந்திருக்கும்.

இடைக்காலவியல் முதுகலை என்கிற இரண்டாவது வழி பெரும்பாலும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தது. டொராண்டோவில் 1964இல் தொடங்கிய மையம், இங்கிலாந்தின் லீட்ஸ், யார்க் மையங்கள், 1993இல் புடாபெஸ்டில் தொடங்கி இப்போது வியன்னாவிலிருந்து இயங்கும் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் இடைக்காலத் துறை, இவையெல்லாம் இந்த வகை. லீட்ஸில் 1994இலிருந்து ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் மாநாட்டுக்கு உலகம் முழுவதிலுமிருந்து இந்தத் துறைக்காரர்கள் வந்து குவிவார்கள், அங்கே படிக்கும் மாணவருக்கு அது வாசற்படியிலேயே நடக்கிறது. இந்தப் படிப்புகளில் மொழியை ஓரமாகத் தள்ளிவிட முடியாது. டொராண்டோவின் லத்தீன் தேர்வு எம்.ஏ. நிலையில் ஒன்று, முனைவர் நிலையில் ஒன்று என்று இரண்டு. வேறு பல்கலைக்கழக மாணவர்களும் அதை எழுதித் தங்கள் லத்தீனுக்கு ஒரு சான்றாகக் காட்டுவது வழக்கம்.

லத்தீன் தெரிந்தால் மட்டும் போதுமா என்றால் போதாது, அதை எழுதியிருக்கும் விதம் தனிக் கதை. எழுதப் பயன்பட்ட தோலின் விலை அதிகம், எழுத்தர் கை வலி அதைவிட அதிகம், ஆகவே எல்லாவற்றையும் சுருக்கினார்கள். லத்தீன் 'பி' எழுத்தின் காலை ஒரு குறுக்குக்கோடு வெட்டினால் அது 'பெர்', தலைக்கு மேல் ஒரு கோடு போட்டால் 'பிரே', காலிலிருந்து இடப்பக்கமாக ஒரு வளைவு சுழித்தால் 'ப்ரோ'. மூன்றும் பொருளில் வேறு வேறு. அட்ரியானோ கப்பெல்லி என்ற ஆவணக் காப்பாளர் 1899இல் வெளியிட்ட சுருக்க அகராதியில் இந்த மாதிரி 14,000 போல இருக்கின்றன, இன்றைக்கும் மாணவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். வாசித்து முடித்தாலும் தேதி சிக்கவைக்கும். இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1752 வரை ஆண்டு தொடங்கியது மார்ச் 25இல், ஆகவே அந்தக் காலத்து எழுத்தர் 1300 பிப்ரவரி 10 என்று போட்டிருந்தால் நம் கணக்கில் அது 1301. இதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட கட்டுரையில் கடிதத்துக்கு முன்னாலேயே பதில் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த வழியின் குறை எது என்று கேட்டால், பட்டத்தின் பெயர் என்பேன். வேலைக்கு எடுக்கும்போது பாடத்தின் பெயரைப் பார்த்துத் தகுதி முடிவு செய்யும் நாடுகளில் "இடைக்காலவியல்" என்ற பட்டம் வரலாற்றுக்குச் சமமா இல்லையா என்று கோப்பு மேசைக்கு மேசை நகரும். அதே பட்டத்தோடு வெளிநாட்டிலேயே முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. திரும்பி வந்து ஆசிரியப் பணியில் சேர நினைப்பவர் சமநிலைச் சான்றிதழ் விவகாரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். பாடங்கள் இப்போது விரிந்துகொண்டு வந்தாலும், இந்த மையங்களில் பலவற்றுக்கு இன்னும் உலகம் என்றால் லத்தீன் கிறிஸ்தவ உலகமும் அதன் விளிம்பும்தான். ஆசிய இடைக்காலத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே போகிறவர், தனக்கு மேற்பார்வை செய்ய ஒரு ஆளாவது இருக்கிறாரா என்று பெயரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். பாரிஸின் எகோல் தெ ஷார்த் 1821இல் இதற்காகவே தொடங்கப்பட்டது: போட்டித் தேர்வு வைத்து ஆள் எடுப்பார்கள், வெளியே வருகிறவர் ஆவணக் காப்பாளரும் பழைய எழுத்தை வாசிப்பவருமாக வருவார். ஜெர்மனியில் பழைய எழுத்தியல், சாசனவியல், முத்திரையியல், காலக்கணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து வரலாற்றின் துணை அறிவியல்கள் என்று பல்கலைக்கழகத்திலேயே கற்றுத்தருவார்கள். இடைக்கால மூலங்களைச் செம்பதிப்பாக வெளியிட 1819இல் தொடங்கிய மோனுமெண்டா தொடர் இன்னும் நடந்துகொண்டிருக்கிற நாடு அது, ஆச்சரியமில்லை. தென்னிந்திய இடைக்காலத்துக்கு இதற்கு இணை கல்வெட்டியல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே துறை இருக்கிறது, தமிழ்நாடு தொல்லியல் துறையும் பட்டத்துக்குப் பிந்தைய பட்டயப் படிப்பாக நடத்துகிறது.

தமிழ் தெரிந்தவருக்குத் தமிழ்க் கல்வெட்டு என்ன கஷ்டம் என்று தோன்றலாம். அங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். சோழர் காலக் கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வித்தியாசம் இருக்காது. நெடிலுக்குப் போடும் காலும் ரகரமும் ஒரே மாதிரி நிற்கும். ஆகவே கல்லில் 'தெவர' என்று இருப்பதைத் தேவர் என்றும், 'கொ' என்று இருப்பதைக் கோ என்றும் இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். நடுவில் வடசொல் வந்தால் எழுத்து கிரந்தத்துக்கு மாறும், பாண்டிய நாட்டுப் பக்கம் போனால் மொத்தமும் வட்டெழுத்தில் இருக்கலாம். சொற்களுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் வைத்துத் தூரிகையால் அடித்துப் படியவைத்து மை ஒற்றி எடுக்கிற மைப்படியில் கல்லின் வெடிப்பும் ஒரு எழுத்தைப் போலவே தெரியும்.

எழுத்தை வாசித்த பிறகுதான் வேலையே ஆரம்பம். ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். முற்காலச் சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். முதலாம் ஆதித்தன் ராஜகேசரி, அவன் மகன் முதலாம் பராந்தகன் பரகேசரி, கண்டராதித்தன் மறுபடி ராஜகேசரி, நடுவில் வந்த பரகேசரிகளை விட்டுவிட்டால் சுந்தர சோழனும் ராஜகேசரி, முதலாம் ராஜராஜனும் ராஜகேசரி. கல்வெட்டில் அரசனின் இயற்பெயர் இல்லாமல் "கோவிராஜகேசரி பன்மர்க்கு யாண்டு 5" என்று மட்டும் இருந்தால் நான்கு பேரில் யாருடைய ஐந்தாம் ஆட்சியாண்டு? ஆள் மாறினால் நூறு வருடம் போல முன்னும் பின்னும் போகும். பராந்தகன் "மதிரை கொண்ட" என்று போட்டுக்கொண்டதால் தப்பித்தோம். கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியை ராஜராஜன் வழக்கமாக்கிய பிறகு "திருமகள் போல" என்று தொடங்கினால் அவன், "திருமன்னி வளர" என்று தொடங்கினால் ராஜேந்திரன் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் எழுத்தின் வடிவம், கல்வெட்டில் வரும் அதிகாரி வேறு எந்தக் கல்வெட்டில் வருகிறார், கோயில் கட்டுமானத்தில் அந்தச் சுவர் எப்போது எழுந்தது என்று சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். பின்னால் வருகிற கல்வெட்டுகளில் கிழமையும் நட்சத்திரமும் திதியும் கொடுத்திருந்தால் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு தேதியைக் கணக்குப் போடலாம். இதையெல்லாம் பொதுவான எம்.ஏ.வில் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள்.

இந்தத் திறமை இருந்தால் எதுவரை போகலாம் என்பதற்கு ஜப்பானிய வரலாற்றாளர் நொபோரு கராஷிமா நல்ல சாட்சி. காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்து, யார் யாருக்கு எந்த நிலத்தை விற்றார்கள் என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தார். பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊரான (பிரம்மதேயம்) ஈசானமங்கலத்தில் தனி ஆட்களின் பெயரில் நிலம் கைமாறுகிறது, வேளாளர் ஊரான அல்லூரில் ஊரார் கூட்டாக வைத்திருக்கும் நிலம் தெரிகிறது. பெரிய கொள்கை எதையும் பேசாமல் கிரயச் செய்திகளை அடுக்கியே, சோழர் காலக் கிராமம் என்று ஒரே அச்சில் வார்த்துப் பேசியதை அவர் கேள்விக்கு உள்ளாக்கினார். பிறகு எ. சுப்பராயலு, தோரு மத்சுய் இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு ஒரு அடைவு தொகுத்து 1978இல் வெளியிட்டார்கள். கணினி இன்னும் ஒரு அறை அளவு இருந்த காலம்.

ஆனால் மூன்றாவது வழிக்காரர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. வாசிக்கத் தெரிந்த பெருமிதத்திலேயே கேள்வி கேட்க மறந்துவிடுவார்கள். ஒரு கோயிலை எடுத்து, தலபுராணம் ஒரு இயல், கட்டடக்கலை ஒரு இயல், கல்வெட்டுச் சுருக்கம் ஒரு இயல், திருவிழா ஒரு இயல் என்று போட்டு முடித்த ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. தகவலெல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் எதற்காக இதைச் சேர்த்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. இதைத் தவிர்க்க, திறமையை இங்கே கற்றுக்கொண்டாலும் முதல் வழிக்காரர்கள் படிக்கும் விவாதங்களை நீங்களாகவே விடாமல் படிக்க வேண்டியிருக்கும். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

பாரசீகம், அரபு பக்கம் போக நினைப்பவர்களுக்குக் கால அளவு இன்னும் முக்கியம். முகலாயர் காலத்துக்கு அலிகர் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை பல தலைமுறையாகப் பேர்போனது. முகலாய வேளாண் அமைப்பைப் பற்றி 1963இல் எழுதிய இர்பான் ஹபீபின் வேலை அத்தனையும் பாரசீக மூலத்தின் மேல் நிற்பது. அச்சில் வந்த பாரசீகத்தை ஒரு வருடத்தில் ஓரளவு வாசிக்கப் பழகலாம். அலுவலக ஆவணங்களில் வரும் ஷிகஸ்தா எழுத்து, அதாவது எழுத்துகளை உடைத்து ஒன்றோடொன்று கோத்து வேகமாக ஓட்டும் கையெழுத்து, அதற்கப்புறம் தனியாக உயிரை வாங்கும். கணக்கு ஏடுகளில் சியாக் என்ற தனி எண்முறை வேறு. பாரசீகத்தை முதுகலையின் முதல் நாளில் தொடங்குகிறவர் இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டை அசல் ஆவணத்திலிருந்து எழுதிவிடலாம் என்று கனவு காண வேண்டாம். முன்கூட்டியே ஒரு வருடம் மொழிக்கென்று ஒதுக்க முடிகிறவருக்கு மட்டுமே அது சாத்தியம்.

தலைப்பு ஒன்றாக இருந்தாலும் மொழி எப்படி வழியை மாற்றும் என்பதற்கு இந்தியப் பெருங்கடல் வணிகத்தைப் பாருங்கள். கெய்ரோவின் பழைய பகுதியான புஸ்தாத்தில் ஒரு யூதத் தொழுகைக் கூடத்தில் குவிந்து கிடந்த பழைய தாள்களில் ஏறத்தாழ 1,93,000 துண்டுகளை சாலமன் ஷெக்டர் 1896-97இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் கடை விரித்திருந்த ஆபிரகாம் பென் யீஜு என்ற வணிகருக்கு வந்த கடிதங்கள் அந்தக் குவியலிலிருந்துதான் கிடைத்தன. மொழி அரபு, எழுத்து ஹீப்ரு. அதே கடலின் மறுகரையில் சுமத்ராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் வைத்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது, சீனத்தின் சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, அதில் ஒரு வரி சீனத்தில். ஒரே கடலைப் படிக்க மூன்று நான்கு வாசல்கள். தமிழ் ஏற்கெனவே கையில் இருப்பவர் அந்த வாசலில் நுழைந்து, இரண்டாவது மொழியாக அரபையோ சீனத்தையோ வைத்துக்கொண்டால் பாதித் தூரம் கடந்தாயிற்று. எதுவுமே தெரியாத மொழியில் தொடங்குவது வீரமாகத் தெரியும், ஆனால் முதுகலைக் காலம் அந்த வீரத்துக்கு இடம் கொடுக்காது.

ஓராண்டா இரண்டாண்டா என்ற கேள்வியில் என் விடை தெளிவானது: முடிந்தால் இரண்டு. இங்கிலாந்தின் ஓராண்டு முதுகலையை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வகுப்பு ஆரம்பிக்கும். அடுத்த ஆண்டு முனைவர் பட்டத்தில் சேர வேண்டுமென்றால் உதவித்தொகையோடு கூடிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியோடு கெடு முடிந்துவிடும். அதாவது உங்கள் பேராசிரியர் உங்களைப் பார்த்து முழுசாக மூன்று மாதம் ஆகியிருக்காது, நீங்கள் ஒரு கட்டுரை கொடுத்திருப்பீர்கள், அதற்குள் அவர் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும், நீங்கள் மூன்று வருட ஆராய்ச்சித் திட்டம் எழுத வேண்டும். லத்தீனில் அப்போதுதான் பெயர்ச்சொற்களின் இரண்டாவது வேற்றுமை வாய்பாட்டில் தடுமாறிக்கொண்டிருப்பீர்கள். முன்பே மொழியும் தலைப்பும் தயாராக வைத்திருப்பவருக்கு ஓராண்டு கச்சிதம், செலவும் குறைவு. மற்றவர்கள் பெரும்பாலும் முடித்துவிட்டு ஒரு வருடம் வெளியே நின்று விண்ணப்பிக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் அதுவும் இரண்டு வருடம்தான். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் முதுகலை பெரும்பாலும் இரண்டு ஆண்டு, முதல் ஆண்டு மொழிக்கும் எழுத்துக்கும், இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கும் என்று இயல்பாகப் பிரிந்துகொள்ளும்.

நேரே முனைவர் பட்டம் என்ற நாலாவது வழி பெரும்பாலும் அமெரிக்க ஏற்பாடு. ஐந்து முதல் ஏழு ஆண்டு, முதல் இரண்டு மூன்று ஆண்டு பாடங்கள், நடுவில் எம்.ஏ. பட்டம் வழியிலேயே கிடைத்துவிடும், நல்ல இடங்களில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். காசு நோக்கில் இதை அடிக்க வேறு வழியில்லை, ஏனென்றால் தனியான முதுகலைப் படிப்புகளுக்கு உதவித்தொகை எங்கேயும் கொஞ்சம்தான். ஆனால் இடைக்காலத்துக்கு ஆள் எடுக்கும்போது அவர்கள் முதலில் தேடுவது மொழியைத்தான். லத்தீனோ அரபோ பாரசீகமோ சமஸ்கிருதமோ இல்லாமல் ஆர்வத்தை மட்டும் விவரித்து அனுப்பிய விண்ணப்பம், மொழியோடு வந்த விண்ணப்பத்துக்கு முன்னால் நிற்காது. இங்கிலாந்து முனைவர் பட்டமோ மூன்று நான்கு ஆண்டில் முடிய வேண்டிய ஒன்று, அதில் வகுப்புகள் மிகக் குறைவு, ஆகவே திறமைகளை எல்லாம் அதற்கு முன்னாலேயே சேர்த்துக்கொண்டு வர வேண்டும்.

ஒரு படிப்பு மூலத்தைக் கற்றுத்தருகிறதா இல்லையா என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அங்கே கடந்த சில ஆண்டுகளில் முடித்த முதுகலை ஆய்வேடுகளின் நூற்பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதன்மைச் சான்றுகள் என்ற தலைப்பின் கீழ் மொழிபெயர்ப்புகள் மட்டும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பழைய எழுத்தியல் பாடம் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதற்கு மதிப்பெண் உண்டா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதை நடத்துபவர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா என்று துறைக்கே எழுதிக் கேளுங்கள். மூன்றாவது கேள்வி அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும், ஆனால் அதுதான் முக்கியமானது. இந்தப் பாடங்கள் பல இடங்களில் ஒரே ஒரு ஆளின் தோளில் நிற்கின்றன, அவர் ஓய்வு பெற்றதும் பாடமும் ஓய்வு பெற்றுவிடும்.

எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே, எங்கே இருந்தாலென்ன என்று கேட்பவர்களுக்கு: பாதி உண்மை. சுவடிப் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது நேரில் பார்ப்பதைவிடச் சில சமயம் தெளிவு. டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்கள் பழைய ஐரோப்பியக் கையெழுத்தை ஓரளவு நன்றாகவே எழுத்துப்பெயர்க்கின்றன, ஆனால் அது தப்பாக வாசித்த இடத்தைப் பிடிக்க உங்களுக்கே வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது அதன் சுவடிப் படங்கள் மாதக் கணக்கில் திறக்கவில்லை. அவற்றை மட்டுமே நம்பி ஆய்வேட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

வேலை விஷயத்தில் நான்கு வழிகளுக்கும் வித்தியாசம் உண்டு. பல்கலைக்கழக ஆசிரியப் பணி எந்த வழியில் போனாலும் குறைவுதான், இடைக்காலத்துக்கு மேலும் குறைவு. அதை மட்டுமே குறிவைத்து யாரும் சேர வேண்டாம் என்பேன். ஆனால் ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், தொல்லியல் துறை, சுவடி நூலகம், எண்ணிமப் பதிப்புத் திட்டங்கள் ஆகியவற்றில் ஆள் தேடும்போது "எதை வாசிப்பீர்கள்" என்றுதான் கேட்பார்கள், அங்கே மூன்றாவது வழிக்காரருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். முதல் வழிக்காரருக்குத் தேர்வுகளும் பள்ளி கல்லூரிகளும் திறந்திருக்கும். இரண்டாவது வழிக்காரர் இரண்டுக்கும் நடுவில்.

ஆக, கல்லூரியில் வரலாறு படித்தவர், தமிழ் நன்றாக வரும், தென்னிந்திய இடைக்காலம்தான் விருப்பம் என்றால் கல்வெட்டியலில் நேரடியாகச் சேர்ந்துவிடலாம், பொது எம்.ஏ.வை அப்புறம்கூட அஞ்சல் வழியில் முடித்துக்கொள்ளலாம். முகலாயர் என்றால் முதலில் பாரசீகம், பிறகு விண்ணப்பம். ஐரோப்பிய இடைக்காலம் என்றால் இரண்டாண்டு இடைக்காலவியல், அதற்கு முந்தைய கோடையில் லத்தீன் இலக்கணத்தை ஒருமுறை முழுக்க ஓட்டிவிட்டுப் போங்கள். எந்த இடமும் கிடைக்காத ஆண்டை வீணான ஆண்டு என்று நினைத்துக் கிடைத்த படிப்பில் போய் விழ வேண்டாம். அந்த ஒரு வருடம் மொழிக்குப் போனால் அடுத்த விண்ணப்பத்தில் அது ஒரு முழுப் பத்தியாக நிற்கும். வேலையை விட முடியாதவர்களுக்கு மாலை நேர மொழி வகுப்பும், அச்சில் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் ஒன்றும் தொடங்குவதற்குப் போதும். 1890இல் ஹூல்ஷ் பதிப்பித்த முதல் தொகுதியைவிடப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இருக்கும் இரண்டாம் தொகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். எழுத்துப்பெயர்ப்பு தெளிவு, விவரங்கள் அதிகம், யார் எத்தனை விளக்குக்கு எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்பதுவரை இருக்கும்.